சும்மா நின்றாலும் தடுக்கும்

தப்பு. தப்பாகச் சொல்கிறார். ஹாலில் என் வீட்டுக்காரர் கிளைவ் கத்துவது கதவு சாத்திய இந்த அறைக்குள் எழுத்து எழுத்தாகக் கேட்கிறது, 'டெக்கன்லயும் தடுக்கணும்னா பின்பக்கம் அழுத்திக்கிட்டேதான் இருக்கணும், அதுல என்னல வித்தியாசத்தக் கண்ட' என்று தன் கூட்டாளி முத்துவிடம் கேட்கிறார், பதினாலு வருஷமாக டெக்கன்தான் உலகத்திலேயே பெரிய சண்டை கேம் என்று சத்தியம் செய்கிற மனிதருக்கு அதில் அழுத்தாமலே தடுக்கலாம் என்பது தெரியவில்லை. பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டால் போதும். சும்மா நின்றால் அந்த ஆளே கையைத் தூக்கித் தடுத்துக்கொள்வான், முகத்துக்கு வருவதையும் வயிற்றுக்கு வருவதையும், காலுக்கு வருவது மட்டும்தான் விழும். முத்து கொண்டாடுகிற ஸ்ட்ரீட் ஃபைட்டரில்தான் பின்வாங்கினால் தப்பிக்கலாம், நின்றால் அடி. இரண்டு கேமுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான், அதை விட்டுவிட்டு இவர்கள் ஒரு மணி நேரமாகப் படம் எதில் பளபளப்பு, ஆள் எதில் அதிகம் என்று அடித்துக்கொள்கிறார்கள். எழுந்துபோய்ச் சொல்லலாம். பத்தடி தூரம். ஆனால் என் இடது கையில் தலை வைத்து இவள் தூங்குகிறாள், ஜோவிட்டா, நாலு மாதமும் ஆறு நாளும், வாயோரம் பால் காய்ந்து வெள்ளையாக. கையை உருவினால் விழித்துவிடுவாள். விழித்தால் தூக்க வேண்டும். தூக்குவதுதான் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத என் பிரச்சினை. கடிகாரத்தில் நாலு பத்து. ஐந்து மணிக்குக் குளிப்பாட்ட வேண்டும். தினமும் வந்து குளிப்பாட்டுகிற தொம்மையம்மா மணப்பாட்டில் ஒரு நிச்சயதார்த்தம் என்று போய்விட்டார், மாமிக்கு, கிளைவின் அம்மாவுக்கு, முட்டி மடங்காது, ஆகவே மதியம் மீன் குழம்பு ஊற்றும்போதே தீர்ப்பும் வந்துவிட்டது. 'இன்னைக்கு நீயே ஊத்திரு பெனி. எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டே நிப்ப.' 'ஊத்திருதேன் மாமி' என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்ததில் எனக்குக் கிடைத்த உருப்படியான வித்தை அது ஒன்றுதான், வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் முகத்தைக் காலை அசெம்பிளியில் நிற்கிற முகமாக வைத்துக்கொள்வது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். இதே கட்டில். தொம்மையம்மா குளியலறையில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார், நான் இவளுக்கு எண்ணெய் தேய்த்து முடித்திருந்தேன், தலை முதல் கால் வரை மினுமினுவென்று, பொரிக்க எடுத்து வைத்த விளமீன் மாதிரி இருக்கிறாளே என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டு இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி தூக்கும்போது வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேருகிற இடத்தில், சூடான ஊசியை யாரோ உள்ளே விட்டு இழுத்த மாதிரி ஒரு இழுப்பு. விரல் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. வழுக்கிவிட்டாள். ஒரு ஜாண். ஒரு ஜாண்தான், பிறகு தலையணையை வைத்து அளந்து பார்த்தேன், இரண்டு தடவை. மெத்தையில் பொத்தென்று விழுந்து என்னைப் பார்த்தாள், விக்கல் எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அழாததால் அது எனக்கும் இவளுக்கும் மட்டுமான விஷயமாகிவிட்டது, இவள் வாய் திறந்து காட்டிக்கொடுக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதற்குப் பிறகு நான் இவளைக் கையால் பிடிப்பதே இல்லை. முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளுகிறேன். 'என்னட்டி, முறத்துல அரிசி அள்ளுத மாதிரி அள்ளுத' என்று மாமி புதன்கிழமையே கேட்டுவிட்டார். சிரித்தேன். அசெம்பிளி முகம். கைபேசியில் தேடிப் பார்த்ததில் இதற்குப் பெயரே இருக்கிறது, பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதாம், தாய்மாரின் கட்டைவிரல் என்று இங்கிலீஷில் செல்லப் பெயர், அதற்குக் கீழே இன்னொரு வரி: வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கும் இதேதான் வரும், அப்போது கேமரின் கட்டைவிரல் என்பார்கள். படித்துவிட்டு இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் இரண்டு பக்கத்திலும் மாட்டியிருக்கிறேனே, எந்தப் பக்கத்துப் பாவத்துக்கு இது வந்தது. மருந்து இருக்கிறது, பட்டை கட்டலாம், சரியாகிவிடும் என்றெல்லாம் போட்டிருந்தது, ஆனால் விரலைச் சொன்னால் செவ்வாய்க்கிழமையையும் சொல்ல வேண்டும். எப்ப வலிச்சுது, எதைத் தூக்கும்போது, அப்புறம் என்னாச்சு. மூன்றாவது கேள்வியே போதும். இவளை என்னிடம் தனியாக விடலாமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான், அந்தப் பார்வைதான். குளியலறையில் மெத்தை இல்லை. மொசைக் தரை. மணையின் முனை. தொட்டியின் சிமெண்டு விளிம்பு. செம்பு. செம்பின் வாய். திரும்பவும் மொசைக் தரை.

'டெக்கன்ல என்னல திறமை வேணும்?' முத்துவின் குரல். முத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இருபது டன் கன்டெய்னரைக் கப்பலிலிருந்து ஜாய்ஸ்டிக்கால்தான் தூக்கி இறக்குகிறார், இன்றுவரை ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை, நான் ஆறரைக் கிலோவைப் போட்டேன். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல ஒருத்தன அடிக்கணும்னா ஒழுங்கு வேணும். கீழ, குறுக்க, முன்ன, அப்புறம் குத்து. ஒண்ணு தப்பினாலும் ஒண்ணும் வராது. உன் டெக்கன்ல எங்க வீட்டுப் பூனை ஜாய்ஸ்டிக் மேல நடந்து போனாக்கூட ரவுண்டு ஜெயிச்சிரும்.' 'கூட்டிட்டு வால உன் பூனைய. இன்னைக்கே பாத்துருவோம்.' 'அதுக்கு இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லீவு.' இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், முத்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலம் சரசரக்கிறது, எனக்கு ஒன்றாவது மிச்சம் வைப்பார்களா. இவர்களுக்கு இது சண்டையே இல்லை, பதினொன்றாம் வகுப்பில் ஒரு கேம் கடை பெஞ்சில் ஆரம்பித்தது, கடை மூடி அங்கே செல்போன் கடை வந்து அதையும் மூடியாகிவிட்டது, இவர்கள் மட்டும் மூடவில்லை. தலையைப் பிடுங்கி முதுகெலும்போடு உருவுகிற அந்த மூன்றாவது கேமின் பேச்சு வந்தால் மட்டும் ஒன்றாகிவிடுவார்கள், 'சீ, அது கேமா, கசாப்புக்கடை' என்று. பூனை விஷயத்தில் முத்து சொல்வது பாதி சரி. டெக்கனில் நாலு பட்டன், நாலும் நாலு கை கால், இடது கை, வலது கை, இடது கால், வலது கால், தொட்டால் எதையாவது வீசும். ஆனால் பூனையால் ஆரம்பிக்கத்தான் முடியும். பூனையை ஒருவன் பிடித்து எறிய வரும்போது எந்தக் கையை முன்னால் நீட்டுகிறான் என்று அது பார்க்குமா. அதே பக்கத்துக் கையைக் கண்ணிமைக்கிற நேரத்துக்குள் அழுத்தினால் பிடியிலிருந்து தப்பலாம், தப்பான கையை அழுத்தினால் எறிதான். நான் பார்ப்பேன். என் கான்வென்ட் கூட்டாளி ஷைனி என்னை எறிய வந்து பத்துக்கு ஒன்பது முறை தோற்றிருக்கிறாள். ஒன்பது முறை.

இது கிளைவுக்குத் தெரியாது. எங்கள் கான்வென்டின் கம்ப்யூட்டர் அறையில் ஆறு கம்ப்யூட்டர், ஆறாவது ஜன்னலோரம், அதில் 'மாரல் சயின்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'பாடம் ஒன்று', 'பாடம் இரண்டு'. பாடம் ஒன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர், பாடம் இரண்டு டெக்கன். ஷைனி தன் அண்ணனிடமிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றியது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு, அவள் இடது பாதி நான் வலது பாதி, தோளோடு தோள் இடிக்க, பார்க்கிறவர்களுக்கு ஒரே பாடத்தை இரண்டு பேர் உருகி உருகிப் படிப்பது போலிருக்கும். அந்தக் கீபோர்டில் ஒரே நேரத்தில் மூன்று கீக்கு மேல் அழுத்தினால் நாலாவது ஏறாது, ஷைனி அதைக் கண்டுபிடித்துவிட்டாள், தோற்கிற மாதிரி இருந்தால் மூன்று கீயை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள், என் ஆள் சிலையாக நிற்பான், 'இது பாவம்டி' என்பேன், 'வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்ட்ட சொல்லிக்கிடுதேன்' என்பாள். சிலையாக நிற்கிற என் ஆள் அடி வாங்காமல் கையைத் தூக்கித் தடுத்ததைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன், சும்மா நின்றாலும் தடுக்கும் என்று. அவள் செய்த கள்ளத்தனத்தில் கிடைத்த ஞானம் அது, ஒழுங்காக விளையாடியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆகவே எங்கள் சண்டைகள் எல்லாம் ஊமைச் சண்டை. ஒவ்வோர் அடிக்கும் திரையில் என்ன சத்தம் வரும் என்றே தெரியாமல் நாங்களாகப் பெயர் வைத்தோம், குனிந்து காலை வாருவது 'முழந்தாள்', தூக்கி எறிவது 'பாவசங்கீர்த்தனம்', கடைசி அடி 'ஆமென்'. உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வோம். ஒரு நாள் சிஸ்டர் ஃப்ளேவியா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை, இரண்டு ரவுண்டு முழுக்கப் பார்த்திருக்கிறார், ஷைனி விழுந்ததும் 'யார் ஜெயித்தது?' என்று கேட்டார், நானும் மறந்துபோய் 'நான்தான் சிஸ்டர்' என்று எழுந்து நின்றேன். 'நான் சண்டையிட மாட்டேன்' என்று நூறு முறை எழுதச் சொன்னார். ஜெயித்தவளுக்கு நூறு. ஷைனிக்கு ஐம்பது. எழுதும்போது கட்டைவிரல் வலித்தது, அந்த வலி வேறு, அது வெளியே சொல்லிக் காட்டுகிற வலி, பெருமையான வலி, விடுதி முழுக்கக் காட்டினேன்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் கிளைவ் அலமாரிக்கு மேலிருந்து அவருடைய கேம் மெஷினை இறக்கி டிவியில் மாட்டினார். திரையில் அந்த ஆள் வாயைத் திறந்து கத்தினான், நான் சோபாவிலிருந்து அரையடி எழும்பிவிட்டேன். இத்தனை வருஷமாக அவர்களும் எங்களை மாதிரி, படிப்பறையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, மூச்சுவிடாமல் அடித்துக்கொள்கிறார்கள் என்றே ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன். 'பயப்படாத பெனி, கேம்தான்' என்றார். எத்தனை சந்தோஷம் அவர் முகத்தில். 'இது குத்து, இது உதை, இந்தா பிடி, இப்படி' என்று என் விரலை எடுத்து ஒவ்வொரு பட்டன் மேலும் வைத்தார், நானும் 'அப்படியா', 'ஓ' என்றேன், அந்த நேரத்தில் எனக்குத் தெரியும் என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும். பிறகு என்னை ஜெயிக்க விட்டார். விட்டுக்கொடுத்து! ஒன்றரை வருஷமாக அது எனக்குத் தொண்டையில் நிற்கிறது, மற்றக் குறையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், துண்டை நனைத்துக் கட்டிலில் போடுவது, பல் தேய்த்துக்கொண்டே போனில் பேசுவது, ஆனால் எனக்கு, பத்துக்கு ஒன்பதுக்காரிக்கு, விட்டுக்கொடுத்தார். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிதாகிறது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் சிரிப்பு, ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் ஏன் மறைத்தாய். விரலும் அப்படித்தான். செவ்வாய் இரவே சொல்லியிருந்தால் விரல் வலி. இன்று ஞாயிறு. இன்று சொன்னால் ஐந்து நாள் மறைத்த விரல் வலி. நாலு முப்பத்தைந்து. சமையலறையில் மாமி வெந்நீருக்குப் பானை வைக்கிற சத்தம், அடுப்பு பற்றவில்லை, இரண்டாவது முறை, பற்றிவிட்டது.

'விழுந்தவன எந்திரிக்க விடணும்ல. அந்தரத்துல வச்சு அடிக்குதது என்ன விளையாட்டு?' முத்து. டெக்கனில் ஒருவனை மேலே கிளப்பிவிட்டுத் தரையில் விழுவதற்குள் அடித்து, மறுபடி விழுவதற்குள் அடித்து, அப்படியே அந்தரத்தில் கொண்டுபோவதைச் சொல்கிறார். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் விழுந்தவன் பெரும்பாலும் விழுந்தவன்தான், எழுந்து நிற்கிற வரை காத்திருந்து மறுபடி. கிளைவ் சொல்கிறார், 'மக்கா, நாங்க விழ விட்டாதான? விழவே விடமாட்டோம்ல. கை இருக்கும்போது எப்படி விழ விடுவோம்.' கை இருக்கும்போது. அந்த வார்த்தை இந்த அறைக்குள் வந்து ஃபேனில் மாட்டிச் சுற்றுகிறது. தொம்மையம்மா எப்படிச் செய்கிறார் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறேன், மணையில் உட்கார்ந்து காலை நீட்டுவார், இரண்டு காலையும் சேர்ப்பார், இவளை முதலில் மல்லாக்கப் போட்டு, பிறகு ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி அப்படியே குப்புறத் திருப்பி, முதுகு, மறுபடி மல்லாக்க, தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை வரப்பு மாதிரி கட்டுவார் கண்ணில் தண்ணீர் போகாமல், கடைசியில் இரண்டு காலையும் ஒரே கையில் கொத்தாகப் பிடித்து, அய்யோ, அந்த இடம்தான், அதில் கட்டைவிரல் வேண்டும். திருப்புவதற்கும் கட்டைவிரல் வேண்டும். நெற்றிக்கு வேண்டாம். முதுகுக்கு வேண்டாம். இரண்டு இடம். இரண்டே இரண்டு இடம். இடது கையால் திருப்பினால்? திருப்பும்போது வலது கை தாங்க வேண்டும், தாங்கக் கட்டைவிரல். ஒரு விரலை வைத்துத்தான் மனுஷ ஜென்மம் முழுவதையும் கட்டியிருக்கிறார் கடவுள், மற்ற நாலும் அலங்காரத்துக்கு. இவள் தூக்கத்தில் முஷ்டியை ஓங்கி என் தாடையில் ஒரு குத்து விடுகிறாள், அடுத்து இடது கால், அதற்கடுத்து வலது, இவளுக்குப் பட்டனே தேவையில்லை, ஒழுங்கும் தேவையில்லை, பூனை ஜாதி. டெக்கன் பிள்ளை. அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிறு குலுங்குகிறது, குலுங்கினால் விழிப்பாள், குலுங்காதே.

'அப்பம் நீ சொல்லு, டெக்கன்ல பின்னால அழுத்தாம ஒரு அடிய நீ தடுத்துருக்கியா? தடுத்துருந்தா நான் ஒத்துக்கிடுதேன், உன் கேம்தான் ஒசத்தின்னு ஒத்துக்கிடுதேன், போ' என்கிறார் முத்து, கிளைவ் தோற்கப்போகிறார், 'அது எப்படில முடியும், எந்தக் கேம்லயும் முடியாதுல்லா' என்று தானே தன் தலையில் போட்டுக்கொள்கிறார், எனக்குத் தெரியும், ஒரே ஒரு வாக்கியம், வாயில் வந்து நிற்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், ஜெயித்தவளுக்கு நூறு, நான் சண்டையிட மாட்டேன், நான் சண்டையிட மாட்டேன், அவர் என்னை ஜெயிக்கவிட்ட அன்றைக்கு முகம் எப்படி இருந்தது, 'சரி விடு மக்கா, ஸ்ட்ரீட் ஃபைட்டரே' என்று ஆரம்பிக்கிறார், இல்லை, அதைச் சொல்ல விட முடியாது, "அழுத்தவே வேண்டாம்! சும்மா நின்னாலே தடுக்கும்!" என்று என் குரல் எனக்கே தெரியாமல் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

ஹால் டிவியில் மட்டும் சண்டைக்கு முந்தைய பாட்டு. இவள் கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து அழ ஆரம்பித்தாள். முழங்கை வரை விட்டு அள்ளி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு எழுந்தேன், கதவு திறந்தது, கிளைவ், அவர் தோளுக்குப் பின்னால் வாயில் மக்ரூன் தூளோடு முத்து. 'நீ என்ன சொன்ன?' 'கையை எடுத்துட்டுச் சும்மா நில்லுங்க. மேல வர்றதும் நடுவுல வர்றதும் தடுக்கும். கால் அடி மட்டும் தடுக்காது.' 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்காமலே ஓடினார்கள், ஓடியதைச் சொல்ல வேண்டும், முப்பது வயசு ஆம்பிளைகள், கிளைவ் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார், முத்து குத்தினார், தடுத்தது, உதைத்தார், தடுத்தது, காலை வாரினார், விழுந்தது. 'மைனி!' என்று என்னை அண்ணியாக்கி முத்து கத்திய கத்தில் இவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கிளைவ் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, கடைத்தெருவில் யாரோ என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்த ஆள் சொந்தக்காரராகவே இருந்துவிட்டால் வருகிற முகம். 'நீ விளையாடுவியா?' 'கான்வென்ட்ல.' 'கான்வென்ட்லயா!' 'மாரல் சயின்ஸ் பீரியட்ல.' 'அப்பம் அன்னைக்கு நான் விட்டுக்கொடுத்தது?' 'தெரியும்.' 'அய்யோ' என்று தலையில் கை வைத்து சோபாவில் சரிந்துவிட்டார், முத்துவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, 'வீட்டுல பிள்ள இருக்கா இல்ல நீங்கதான் பிள்ளையளா' என்று திட்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இவளை மடியில் வாங்கிக்கொண்டார். முத்து என் கையில் ஜாய்ஸ்டிக்கைத் திணித்தார். 'மைனி, ஒரு ரவுண்டு. நான் யாருக்கும் விட்டுக்கொடுக்குத ஆள் இல்ல.' எத்தனை ஆசையாகப் பிடித்தேன். இரண்டு உள்ளங்கையும் அதை அடையாளம் கண்டுகொண்டன, வலது கட்டைவிரலை அந்த நாலு பட்டன்மேல் மடக்கினேன், சூடான ஊசி, ஜாய்ஸ்டிக் மடியில் விழுந்தது.

மூன்று பேரும் பார்த்தார்கள். அதே பார்வைதான் என்று நினைத்தேன், ஐந்து நாளாக நான் ஒத்திகை பார்த்த பார்வை. முகத்தை அசெம்பிளிக்கு வைக்கப் பார்த்தேன், அது வரவில்லை, உதடு இவளுடைய உதடு மாதிரியே பிதுங்கிக்கொண்டு போனது. 'விரல் பிடிக்காது' என்றேன். 'என்னைக்குலேந்து?' 'செவ்வாய்க்கிழமைலேந்து.' பிறகு ஒவ்வொன்றாகத்தான் சொல்ல நினைத்தேன், எல்லாம் ஒன்றாக வந்தது, எண்ணெய், விளமீன், ஒரு ஜாண், மெத்தை, விக்கல், தலையணையை வைத்து அளந்தது, இன்று ஐந்து மணி, மொசைக் தரை. மாமி மடியில் கிடந்தவளை மல்லாக்கப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவு தடவினார், 'ஒரு ஜாணுக்கா இம்புட்டு அழுத? உன் புருசன நான் திருவிழாச் சப்பரம் பாக்கப் போற அவசரத்துல கட்டிலேருந்தே உருட்டி விட்டுருக்கேன், இந்தா நல்லாத்தான இருக்கான்' என்றார், முத்து கிளைவின் தலையைத் தொட்டுப் பார்த்து 'அப்படி ஒண்ணும் நிச்சயமாச் சொல்ல முடியாது பெரியம்மா' என்றார். கிளைவ் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து வைத்திருந்தார், பிடிக்கத் தெரியாமல், உடைந்த பல்பைப் பிடிப்பது போல. 'நீ பாக்கலியா பெனி?' என்றார் மெதுவாக. 'நான் இவள நின்னுக்கிட்டுத் தூக்குனதே இல்ல. நாலு மாசத்துல ஒரு தடவ இல்ல. எனக்கு விழுந்துருவாளோன்னு.' அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆமாம், எப்போது நீட்டினாலும் 'இரு, உக்காந்துக்கிடுதேன், குடு' என்பார், போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் வாங்குவார், நான் அதைத் துரைத்தனம் என்று நினைத்து எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே ஆறரைக் கிலோவைப் பார்த்து இரண்டு அறையில் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். 'நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போறோம்' என்றார். 'இப்பம்?' என்றேன். வெந்நீர் கொதித்துவிட்டது. அவர் எழுந்து, பேன்ட்டை மாற்றிவிட்டு டிரவுசரோடு வந்தார், ஆஸ்பத்திரிக்குள் போகிற மாதிரி ஒரு முகம்.

மணை வேண்டாம் என்று சொல்லி மொசைக் தரையிலேயே சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காலை நீட்டினார். கறுத்து, முடியடர்ந்து, தொம்மையம்மாவின் காலைப் போல இரண்டு மடங்கு நீளம், சேர்த்து வைத்ததும் நடுவில் ஒரு பள்ளம், இவளுக்கென்றே வெட்டியது மாதிரி. நான் இவளை அள்ளி நீட்டினேன், அவர் வாங்க, முத்து வாசலில் நின்று 'இன்னும் எடது பக்கமா மச்சான், ஆடாம எறக்கு, எறக்கு, ஸ்டாப்' என்று கன்டெய்னர் இறக்கினார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்து 'சூடு சரியாருக்கு' என்றார். நான் பக்கத்தில் குத்தவைத்து இடது கையை இவள் கழுத்துக்குக் கொடுத்தேன், அவர் வலது கையால் இடுப்பைப் பிடித்தார், திருப்புகிற இடம் வந்தது, என் நாலு விரல், அவருடைய அஞ்சு விரல், 'பிடிச்சாச்சா?' 'பிடிச்சாச்சு.' 'நிச்சயமா?' 'பெனி, திருப்பு.' திரும்பிவிட்டாள். குப்புற. என் மூச்சு எங்கேயோ போயிருந்தது, திரும்பி வந்தது. முதுகில் ஊற்றினேன். பின்னங்கழுத்து மடிப்பில் ஊற்றினேன். அழுவாள் என்று பார்த்தேன், தினமும் தொம்மையம்மாவிடம் தெருவே கேட்க அழுகிறவள், கன்னத்தை அவர் காலில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணைச் சொருகினாள், வாயில் ஒரு குமிழ். அவருடைய இரண்டு காலும் தொடையிலிருந்து பாதம் வரை லேசாக, விடாமல், நடுங்கிக்கொண்டிருந்தன. செம்பிலிருந்து நான் விடுகிற தண்ணீர் முதுகில் விழாமல் இரண்டு பக்கமும் சிந்தியது. 'காலை ஆட்டாதல, பிள்ள தூங்கிரும்போல இருக்கு' என்றார் மாமி. 'நான் ஆட்டலம்மா' என்றார் கிளைவ், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர்கூட அசையப் பயந்து. 'அதுவா ஆடுது.'